கல்கத்தா டிராம் வண்டியும் காலணாப் போராட்டமும்

ஒரு மாநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கோட்டை கொத்தளங்களையும், ஆளுநர் மாளிகைகளையும், அங்கே முழங்கிய தலைவர்களின் பேச்சுகளையுமே எடுத்துரைப்பர். அந்நகரத்து மக்கள் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வேலைத்தலம் சென்று அந்தி மயங்கும் வேளையில் எவ்வாறு வீடு திரும்பினர் என்னும் செய்தி அவ்வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுதல் அரிது. வங்கத்தின் தலைநகரில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் முதியோரிடம் பழைய நாள்களைப் பற்றிக் கேட்டால், சுற்றி வளைத்துப் பேச்சு டிராம் வண்டியில்தான் வந்து நிற்கும். ஆகவே அவ்வண்டியின் வரலாற்றை ஒரு முறை முழுமையாகப் பார்த்துவிடுதல் தகும் என்று கருதினோம். நகரின் பெயர் 2001ஆம் ஆண்டில் கொல்கத்தா என மாறியது. எனினும் நாம் பேசப்போகும் காலத்தின் பெரும்பகுதிக்குரிய பெயர் கல்கத்தா என்பதே ஆதலின் அதனையே ஈண்டு ஆள்கிறோம்.

முதல் டிராம் ஓடியது 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள். சியால்தா இரயில் நிலையத்திலிருந்து ஹூக்ளிக் கரையிலுள்ள ஆர்மீனியன் படித்துறை வரை, ஏறத்தாழ இரண்டரை மைல் தொலைவு. இரயிலில் வந்திறங்கும் சரக்குகளையும் ஆட்களையும் ஆற்றங்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே நோக்கம். வண்டியை இழுத்தவை குதிரைகள். தண்டவாளத்தின்மீது உருளும் சக்கரத்திற்கு உராய்வு குறைவு. கரடுமுரடான சாலையில் இழுக்கும் சுமையைவிடப் பன்மடங்கு சுமையை அதே குதிரை இழுத்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆயினும் எதிர்பார்த்த அளவு பயணிகள் வரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் வண்டி நின்றுபோயிற்று. ஒன்பது மாதம்கூட நிறையவில்லை.

ஏழாண்டுகள் கழித்து இலண்டனில் பதிவுசெய்யப்பெற்ற கல்கத்தா டிராம்வே கம்பெனி இம்முயற்சியை மீண்டும் கையில் எடுத்தது. 1880ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அரசப் பிரதிநிதி ரிப்பன் பிரபு, சியால்தாவிலிருந்து பௌபஜார், டல்ஹௌசி சதுக்கம் வழியாக அதே ஆர்மீனியன் படித்துறைக்குச் செல்லும் பாதையைத் திறந்துவைத்தார். இம்முறை குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தன. வாட்டசாட்டமான குதிரைகள், ஆனால் வங்கத்துச் சித்திரை வைகாசி வெயிலை அறியாதவை. நடுத்தெருவில் சுருண்டு விழுந்து மாண்டவை பல. இத்துயரைக் கண்டோ, செலவைக் கண்டோ, 1882இல் நீராவி எந்திரங்களைப் பூட்டியும் சோதித்துப் பார்த்தனர். குறுகிய தெருவில் புகையும் இரைச்சலுமாகச் செல்லும் எந்திரத்தை நகரமாந்தர் விரும்பவில்லை போலும், அது நிலைபெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கம்பெனியிடம் 166 வண்டிகளும் 1000 குதிரைகளும் 7 நீராவி எந்திரங்களும் 19 மைல் தண்டவாளமும் இருந்தன என்று ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும், இலாயமும், இலாடமும், இவற்றுக்கெல்லாம் ஆட்களும் வேண்டும். அன்றைய பயணக் கட்டணத்தின் பெரும்பகுதி குதிரையின் வயிற்றுக்கே சென்றிருக்கும்.

இவ்விடத்தில் நம் சென்னையைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடிய நகரம் சென்னையே. 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அது தொடங்கியபோது கல்கத்தாவிலும் பம்பாயிலும் குதிரைகளே இழுத்துக்கொண்டிருந்தன. சென்னையில் முதலில் மின்கம்பியைத் தலைக்கு மேல் கட்டவில்லை. சாலைக்கு அடியில் ஒரு கால்வாய் போல அமைத்து அதற்குள் ஓட்டினர். பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். ஐப்பசி கார்த்திகையில் சென்னைத் தெருக்களில் நீர் எவ்வாறு நிற்கும் என்பதை அறிந்த எவரும் அதனைப் பரிந்துரைத்திருக்க மாட்டார்கள். மழைநீர் புகுந்து வண்டிகள் நின்றன. பின்னர்க் கம்பி மேலே ஏறிற்று. கல்கத்தாவின் கம்பெனியோ, தன் மின்சார வண்டிகளைத் தொடக்கம் முதலே மேல்கம்பியில்தான் ஓட்டியது.

1902ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு முதல் மின்சார வண்டி புறப்பட்டது. ஜூன் 14இல் காளிகாட் வழித்தடம் திறக்கப்பெற்றது. பழைய மீட்டர் அகலப் பாதையைப் பெயர்த்தெடுத்து, நாலடி எட்டரை அங்குல அகலத்தில் புதிய பாதை இட்டனர். 1905இல் ஆற்றுக்கு அப்பால் ஹௌராவிலும் டிராம் ஓடத் தொடங்கியது. குதிரைகளின் காலம் முடிந்தது.

வண்டியின் அமைப்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அதனைக் காணாத தலைமுறை ஒன்று இப்பொழுது வளர்ந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரண்டு பெட்டிகள். மின்மோட்டார் முன்பெட்டியில் உண்டு. பின்பெட்டி அதன் இழுப்பில் வரும். முன்பெட்டியின் கூரையிலிருந்து நீண்டதொரு கம்பம் சாய்ந்தெழுந்து மேல்கம்பியைத் தொட்டுக்கொண்டே செல்லும். மின்சாரம் அக்கம்பத்தின் வழி இறங்கி, மோட்டாரைச் சுழற்றி, சக்கரத்தின் வழியே தண்டவாளத்திற்குப் போய்விடும். பாதைகள் பிரியும் இடத்தில் சில வேளை கம்பம் கம்பியை விட்டு விலகும். உடனே வண்டி உயிரற்று நின்றுவிடும். கண்டக்டர் இறங்கிப் பின்னால் தொங்கும் கயிற்றைப் பற்றி, அண்ணாந்து பார்த்து, தூண்டில் போடுபவனைப் போலக் கம்பத்தை மீண்டும் கம்பியில் கோப்பார். தூக்கத்திலிருந்து விழித்தாற்போல் வண்டி நகரும். ஓட்டுநர் நின்றுகொண்டே ஓட்டுவார். அவர் காலால் மிதிக்க, அடியிலுள்ள மணி ஒலிக்கும். டிராம் ஓடிய தெருக்களில் வசித்தவர்களுக்கு விடியலை அறிவித்தது அம்மணியே.

முன்பெட்டி முதல் வகுப்பு; அதில் மின்விசிறி உண்டு. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு; விசிறி இல்லை, கட்டணம் குறைவு. எழுத்தரும் ஆசிரியரும் முன்னால்; கூலியாளும் கடைச் சிப்பந்தியும் மாத இறுதியில் அதே எழுத்தரும் பின்னால். ஒரே மோட்டார், ஒரே தண்டவாளம், ஒரே நேரத்தில் போய்ச் சேருதல். காற்று மட்டும் வேறு வேறு. வங்கச் சமூகத்தின் அமைப்பை விளக்க இதனினும் சுருக்கமான உவமை கிடைப்பது அரிது.

நகரம் டிராம் பாதையைப் பின்பற்றியே வளர்ந்தது என்றால் மிகையாகாது. வடக்கே சியாம்பஜார், பெல்காச்சியா. தெற்கே காளிகாட், டாலிகஞ்ச், பாலிகஞ்ச் என்று பாதை நீள நீள, நடுத்தர மக்கள் நெரிசலான நடுநகரைவிட்டுச் சற்றே விலகிக் குடியேற முடிந்தது. தென்னிந்தியர் ராஷ்பிகாரி சாலையிலும் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும் திரளாகக் குடியமர்ந்ததற்கு மலிவான வாடகையும் காய்கறிச் சந்தையும் காரணம் என்பர். வாயிலில் ஏறினால் டல்ஹௌசிச் சதுக்கத்து அலுவலகம் வரை கொண்டு சேர்க்கும் போக்குவரத்து இருந்ததும் அவற்றுக்குக் குறைந்த காரணமன்று. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று வந்த நம் முன்னோரிடம் காரும் இல்லை, குதிரைவண்டியும் இல்லை. கையில் மாதச் சீட்டு இருந்தது.

1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதிய ஹௌராப் பாலம் திறக்கப்பெற்றபோது அதன்மீது முதலில் சென்ற வண்டி டிராமே என்று கூறுவர். போர்க்காலம் அது, விழா எதுவும் இல்லாமல் திறந்தனர். அவ்வாண்டே பெரும்பஞ்சமும் வந்தது. நாலாண்டுகளில் பிரிவினை, கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வெள்ளமெனப் புகுந்தனர். கல்கத்தாவில் வேலை குறைவு, கூட்டம் மிகுதி, கூலி சொற்பம். இந்தப் பின்னணியை மனத்தில் வைத்தால்தான் அடுத்து நிகழ்ந்ததன் பொருள் விளங்கும்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் டிராம் கம்பெனி ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1951இல் மேற்கு வங்க அரசு கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்து சட்டமும் இயற்றியது. 1972 ஜனவரி முதல் நாளோ அதன் பின்னரோ, இரண்டாண்டு முன்னறிவிப்புக் கொடுத்து, அரசு கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்னும் இருபது ஆண்டுகளில் கைவிட்டுப் போகப்போகும் வீட்டுக்கு எவன் புதுக் கூரை வேய்வான்? இந்த ஒரு விதியே பின்னாளைய சீரழிவுக்கு வித்திட்டது என்பது நம் கருத்து.

1953ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைக் காலணா உயர்த்தியது. வங்கத்தில் இதனை ஒரு பைசா என்பர். அன்றைய நாணயக் கணக்கில் ரூபாய்க்கு அறுபத்து நான்கு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இன்று கேட்கத் தோன்றும். நாள்தோறும் போக ஒரு முறை வர ஒரு முறை, மாதத்தில் 26 வேலை நாள் என்று வைத்தால் 52 காலணா, அதாவது மாதத்திற்குப் பதின்மூன்று அணா. ஒரு குடும்பத்தில் இருவர் வேலைக்குச் சென்றால் ஒன்றரை ரூபாய்க்கு மேல். பின்பெட்டியில் ஏறுபவருக்கு அது அரிசிக்கான காசு. அத்தொகை கடல் கடந்த ஒரு கம்பெனியின் இலாபக் கணக்கில் சேர்கிறது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

இடதுசாரிக் கட்சிகள் கூடிக் கட்டண உயர்வு எதிர்ப்புக் குழு ஒன்றை அமைத்தன. ஜோதி பாசு அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். போராட்டத்தின் முதல் வடிவம் மிக எளியது. பயணிகள் வண்டியில் ஏறினர். பழைய கட்டணத்தை நீட்டினர். கூடுதல் காலணாவைத் தர மறுத்தனர். பழைய கட்டணத்தை வாங்கிக்கொள்ளக் கண்டக்டருக்கு அனுமதி இல்லை. ஆக, பயணிகள் சீட்டின்றியே சென்றனர். கண்டக்டரும் பின்பெட்டி மனிதரைப் போன்றவர்தாமே. அவர்களுட் பலரின் மனச்சாய்வு எப்பக்கம் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அரசு காவலரை ஏவியது, கைதுகள் நிகழ்ந்தன. அதன்பின் மக்கள் டிராமையே புறக்கணித்தனர். வண்டிகள் வெறுமையாக ஓடின. கடையடைப்பு, தடியடி, கண்ணீர்ப் புகை, இறுதியில் துப்பாக்கிச் சூடு. டிராம் பெட்டிகள் தீக்கிரையாயின. உயிர்கள் மாய்ந்தன. முதலமைச்சர் விதான் சந்திர ராய் அப்பொழுது வெளிநாட்டில் இருந்தார். ஜூலை 22ஆம் நாள் மைதானத்தில் செய்தி திரட்ட வந்திருந்த பத்திரிகையாளரையும் காவலர் தாக்கினர். அதுகாறும் ஒதுங்கி நின்ற ஏடுகளும் அரசுக்கு எதிராகத் திரும்பின. மாத முடிவில் கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது, விசாரணைக்கு விடப்பட்டது. பழைய கட்டணமே நீடித்தது.

நீதி மக்கள் பக்கம் இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் வரலாறு எழுதுவோர் அடுத்த பக்கத்தையும் புரட்டுதல் வேண்டும். 1953க்குப் பிறகு டிராம் கட்டணத்தைத் தொடுவதற்கு எந்த அரசும் அஞ்சியது. செலவு ஏறியது, வரவு ஏறவில்லை. கம்பெனி புதிய பெட்டிகளில் முதலிட மனமின்றி நாள் கடத்தியது. கட்டணம் குறைவாக இருக்க வேண்டுமானால் எஞ்சிய செலவை யாரேனும் ஏற்க வேண்டும். ஏற்க வேண்டியது அரசு. அவ்வுண்மையை அன்று எவரும் உரக்கச் சொல்லவில்லை. காலணாவை மீட்ட பயணி, அடுத்த முப்பதாண்டுகளில் அதன் விலையை உடைந்த இருக்கையாகவும் வராத வண்டியாகவும் செலுத்தினார்.

அதே 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் சென்னையில் டிராம் நின்றுபோயிருந்தது. கம்பெனி நொடித்து மூடியது. இந்தியாவின் முதல் மின்சார டிராமுக்கு ஐம்பத்தெட்டாண்டு வாழ்வு. அதனைக் காக்கச் சென்னையில் பெருங்கிளர்ச்சி எதுவும் எழவில்லை. பம்பாயில் 1874இல் குதிரையோடு தொடங்கி 1907இல் மின்சாரத்துக்கு மாறிய டிராம், 1964 மார்ச் 31ஆம் நாள் இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்குச் சென்ற கடைசி வண்டியோடு முடிந்தது. வழிநெடுகக் கூட்டம் நின்று வழியனுப்பியது. 1908இல் தொடங்கிய தில்லி டிராமும் அக்காலத்திலேயே மறைந்தது. கான்பூரில் அதற்கு முன்பே. எஞ்சியது கல்கத்தா ஒன்றே.

கம்பெனியின் நிருவாகத்தை அரசு 1967 ஜூலையில் ஏற்றது. 1976 நவம்பரில் அவசரச் சட்டத்தின் வாயிலாக உடைமையையும் ஏற்றது. ஏற்கும்போதே சுருக்கமும் தொடங்கிவிட்டது. 1971இல் ஹௌராவின் பாந்தாகாட் பாதை மூடப்பட்டது, 1973இல் நிம்தலா. 1972 டிசம்பர் 29இல் பாதாள இரயிலுக்கு அடிக்கல் நாட்டியபின், சாலைகளைப் பிளந்து தோண்டும் வேலை பல்லாண்டுகள் நடந்தது. 1984 அக்டோபர் 24இல் எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை இந்தியாவின் முதல் பாதாள இரயில் ஓடியது. டிராமுக்கும் அப்பொழுது ஒரு சிறு மறுமலர்ச்சி வாய்த்தது: 1985இல் மாணிக்தலாவிலிருந்து உல்டடாங்காவுக்கும், 1986இன் கடைசி நாளில் பெஹாலாவிலிருந்து ஜோகாவுக்கும் பாதை நீட்டினர். பர்ன் ஸ்டாண்டர்டு, ஜெசாப் ஆகிய உள்ளூர்த் தொழிற்சாலைகளில் புதிய பெட்டிகள் கட்டினர். அவ்வளவே. 1992இல் டிராம் கம்பெனியே பேருந்து ஓட்டத் தொடங்கியது. 1993இல் ஹௌராப் பாலத்தின்மீது டிராம் நின்றது.

டிராம் மெதுவாகச் செல்கிறது, சாலையை அடைக்கிறது என்பதே அதற்கெதிரான வழக்கு. இவ்வழக்கைச் சற்று ஆராய்தல் நன்று. கல்கத்தாவின் பரப்பில் சாலைக்குரிய பங்கு ஏறத்தாழ ஆறு விழுக்காடே என்பர். ஆக, இடம் அரிது என்பது உண்மை. அரிதான இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதன்றோ வினா? இரண்டு பெட்டி டிராமில் அமர்ந்தும் நின்றும் நூற்றுக்கு மேற்பட்டோர் செல்வர். அதே நீளச் சாலையில் நான்கைந்து கார்கள் நிற்கும். அவற்றுள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். முன்னாளில் பல சாலைகளில் டிராமுக்கென்று தனித்தடம் இருந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியபோது அத்தடங்களைச் சமன்செய்து அவற்றின்மேல் கார்களை விட்டனர். அதன்பின் டிராம் கார்களுக்குப் பின்னால் நின்றது. பயணியோ, சாலை நடுவிலுள்ள வண்டியில் ஏற, ஓடும் ஊர்திகளைத் தாண்டிச் செல்ல வேண்டியதாயிற்று. காலையில் ஒரு திசையும் மாலையில் மறு திசையுமாகச் சாலைகளை ஒருவழிப்படுத்தியபோது, தண்டவாளத்தில் மட்டுமே செல்லவல்ல டிராம் எதிர்த்திசையில் வரும் குற்றவாளி ஆனது. காலைக் கட்டிவிட்டு நடக்கத் தெரியவில்லை என்று பழித்த கதைதான். 2013இல் இதே நகரில் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தனர். அதற்குச் சொன்ன காரணமும் போக்குவரத்து மெதுவாகிறது என்பதே.

கலைஞர் கண்ணுக்கு டிராம் வேறு விதமாகத் தோன்றியது. சத்யஜித் ராயின் 1963ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘மகாநகர்’, மேல்கம்பியை உரசிச் செல்லும் டிராம் கம்பத்தைக் காட்டியபடியே தொடங்குகிறது. வீட்டைவிட்டு முதன்முதலாக வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணின் கதை அது. மாநகரம் என்ற சொல்லுக்குப் படமாக அவருக்கு டிராம் போதுமாயிருந்தது. கவிஞர் ஜீவனானந்த தாசின் பெயரோடு டிராம் இணைந்தது வேறொரு கொடிய வகையில். 1954 அக்டோபர் 14ஆம் நாள் மாலை, ராஷ்பிகாரி சாலையில் அவர்மீது டிராம் மோதிற்று. 22ஆம் நாள் மறைந்தார். அப்பக்கமாகச் செல்லும் வங்க நண்பர்கள் இன்றும் அதனைச் சுட்டிக் காட்டாமல் போவதில்லை. மெதுவான வண்டிதானே என்று நாம் கூறும்போதெல்லாம் இந்நிகழ்ச்சியும் உடன் நினைவுக்கு வருகிறது.

2011இல் முப்பத்தேழாக இருந்த டிராம் தடங்கள் பின்னர் விரைந்து குறைந்தன. மேம்பாலப் பழுது, மெட்ரோப் பணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தற்காலிகம் என்று நிறுத்தியவற்றுட் பெரும்பாலன மீளவில்லை. 2020 மே மாதத்து அம்பன் புயலில் மேல்கம்பிகள் அறுந்தன, மரங்கள் வீழ்ந்தன. கிதிர்ப்பூருக்குச் செல்லும் வழித்தடம் அதன்பின் ஓடவில்லை. 2023 பிப்ரவரியில் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினர். பழைய பெட்டிகளை மலர்களால் அலங்கரித்து ஓட்டினர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து டிராம் அன்பர்களும் வந்து கலந்துகொண்டனர். ஒரு காலத்தில் அந்நாடு நமக்குக் குதிரைகளை அனுப்பியது. அவ்வாண்டிலேயே உயர்நீதிமன்றம், ஒரு பொதுநல வழக்கின்மீது, டிராமைப் பேணுதற்கு வழிகாண ஒரு குழு அமைக்கப் பணித்தது.

2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் டிராம் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தார். எஞ்சியிருந்தவை மூன்றே தடங்கள். மாணவரும் முதியோரும் பணிமனைகளின் முன் கூடினர். சில தெருக்களில் தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றி மூடிய செய்தி நீதிமன்றத்திற்குச் சென்றது. மரபுச் சின்னமாக ஒரே ஒரு தடத்தை மட்டும் விட்டுவைப்பதாக அரசு கூறியது: எஸ்பிளனேடிலிருந்து மைதானம் வரை. 1902 மார்ச்சில் முதல் மின்சார வண்டி கிதிர்ப்பூருக்குச் சென்றதும் எஸ்பிளனேடிலிருந்து இம்மைதானத்தின் வழியாகத்தான்.